இளைஞர் மேம்பாட்டுக் கல்வி

'ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?' என்பது தமிழ் மக்களிடையே வழங்கும் பழமொழி. நல்லொழுக்கம் இளமையிலேயே படிதல் வேண்டும் என்னும் உண்மையை இது நன்கு உணர்த்துகின்றது. ஆயின், ஐந்துக்கும் ஐம்பதுக்கும் இடையே நீண்டதொரு காலம் உண்டு. குழந்தைப் பருவம் கழிந்து, தொழிலும் குடும்பப் பொறுப்பும் முற்றும் கைவராத இளமைப் பருவமும் அதனுள் அடங்கும். ஐந்து வயதுக் குழந்தையைப் பேணத் தாயும் ஆசிரியரும் உளர். ஐம்பது வயதினர் உலகியலை அறிந்து தம்மைத் தாமே காத்துக்கொள்வர். இடைநின்ற இளைஞர்க்கு உறுதுணையாவார் யாவர்? அத்துணை எத்தகையதாய் இருத்தல் வேண்டும்? இவ்வினாக்களுக்கு விடை தேடி எழுந்ததே இளைஞர் மேம்பாட்டுக் கல்வி. இளங்கலைப் பட்டம் பெற்றோர் இத்துறையில் மேலும் பயின்று முதுகலைப் பட்டம் பெறலாம்.

இளைஞர் எனப்படுவோர் எவ்வயதினர் என்பதே இக்கல்வியின் முதல் வினா. ஐக்கிய நாடுகள் அவை தன் புள்ளிக் கணக்குகளில் 15 வயது முதல் 24 வயது வரை உள்ளோரை இளைஞர் எனக் கொள்கின்றது. இந்திய அரசு 2003ஆம் ஆண்டில் வெளியிட்ட தேசிய இளைஞர் கொள்கை, 13 முதல் 35 வயது வரையினரை இளைஞர் என்றது. 2014ஆம் ஆண்டுக் கொள்கையோ அவ்வெல்லையை 15 முதல் 29 எனச் சுருக்கிற்று. வாக்களிக்கும் வயதும் மாறியதே. அஃது 21ஆக இருந்தது. அரசியலமைப்புத் திருத்தத்தின் வாயிலாக 1989ஆம் ஆண்டில் 18ஆகக் குறைந்தது. இவ்வேறுபாடுகள் உணர்த்துவது யாது? இளமை என்பது ஆண்டுக் கணக்கு மட்டும் அன்று. கல்வி, தொழில், திருமணம், குடியுரிமைக் கடமை ஆகியவை ஒன்றன்பின் ஒன்றாக வந்து சேரும் நிலைமாற்றக் காலம் அது. அம்மாற்றம் நாட்டுக்கு நாடு, குடும்பத்துக்குக் குடும்பம் வேறுபடும்.

அம்மாற்றத்தைப் பற்றி அறிஞர்களும் பலவாறு ஆராய்ந்தனர். அமெரிக்க உளநூல் அறிஞர் ஸ்டான்லி ஹால் என்பார், குமரப் பருவத்தைப் பற்றி 1904ஆம் ஆண்டில் இரு தொகுதிகள் கொண்ட பெருநூலை வெளியிட்டார். அப்பருவம் புயலும் கொந்தளிப்பும் நிறைந்தது என்பது அவர் கருத்து. 1928ஆம் ஆண்டில் மார்கரெட் மீட் என்னும் மானிடவியல் அம்மையார், சமோவாத் தீவுப் பெண்களிடையே அப்பருவம் அமைதியாகவே கழிகின்றது என்று எழுதினார். ஆதலின், கொந்தளிப்புக்குக் காரணம் வயது மட்டும் அன்று, வாழும் சூழலுமாகும் என்றார். அவர் முடிபினை டெரக் ஃப்ரீமன் என்பார் 1983ஆம் ஆண்டில் மறுத்து நூல் வெளியிட்டார். இவ்வாறு ஒருவர் கூற்றை மற்றொருவர் ஆராய்ந்து மறுப்பதனாலேயே அறிவு வளர்கின்றது. இளைஞரைப் பற்றி ஊரார் கூறுவன எல்லாவற்றையும் அவ்வாறே ஏற்காமல் ஆராய்ந்து தெளியும் பயிற்சி, முதுகலை மாணவர்க்கு இன்றியமையாதது.

தமிழில் 'காளை' என்னும் சொல் எருதையும் இளைஞனையும் குறிக்கும். காளையின் வலிமை பயிரை மிதித்தும் அழிக்கும். நிலத்தை உழுதும் வளமாக்கும். வலிமை ஒன்றே, அது செல்லும் வழிதான் இரண்டு. முன்னாளில் இளைஞர் நலம் என்றால் கெட்ட வழியிற் செல்வோரைத் திருத்துதல் என்றே பலரும் எண்ணினர். குற்றம், போதைப் பழக்கம், வேலையின்மை என இளைஞரைச் சிக்கல்களின் தொகுதியாகவே கண்டனர். இருபதாம் நூற்றாண்டின் இறுதியில் இந்நோக்கு மாறலாயிற்று. இளைஞர் ஒவ்வொருவரிடத்தும் ஆற்றல் உண்டு. அதனைக் கண்டறிந்து வளர்ப்பதற்குரிய வாய்ப்பும் நல்லுறவும் அமைத்துத் தருதலே தலையாய பணி என்னும் கருத்து வலுப்பெற்றது. 'திருத்தம்' என்னாது 'மேம்பாடு' என இக்கல்விக்குப் பெயர் அமைந்ததன் கருத்து இதுவேயாம்.

இப்பட்டத்திற்குப் பயில்வோர் ஒரு நூலை மட்டும் கற்று அமைவதில்லை. இளைஞரின் மனத்தை அறிய உளவியலும், அவர் வாழும் சூழலை அறியச் சமூகவியலும், அவர்தம் பிழைப்பை அறியப் பொருளியலும் துணை செய்கின்றன. சட்ட அறிவும் வேண்டும். பெண்ணுக்கு 18 வயதும் ஆணுக்கு 21 வயதும் நிறைவதற்கு முன் நிகழும் மணத்தைத் தடுக்க 2006ஆம் ஆண்டில் சட்டம் இயற்றப்பட்டது. இத்தகைய சட்டங்களை அறியாதார், பள்ளிப் படிப்பை விடுத்து மணமேடை ஏறவிருக்கும் சிறுமிக்கு எவ்வாறு உதவுதல் கூடும்? இவற்றோடு ஆய்வு முறைகளையும், திட்டம் தீட்டிச் செலவைக் கணக்கிடும் முறையையும் மாணவர் கற்கின்றனர். சிற்றூர்களுக்கும் நகரப் பகுதிகளுக்கும் சென்று களப்பணி ஆற்றுதலும் இக்கல்வியின் பகுதியாகும்.

களப்பணியின் தேவையை ஓர் எடுத்துக்காட்டால் அறியலாம். ஓர் ஊரில் மாணவர் பலர் பத்தாம் வகுப்போடு படிப்பை நிறுத்திவிடுகின்றனர் என்று கொள்க. நல்லெண்ணம் மட்டும் உடைய ஒருவர் அங்கே சென்று, கல்வியின் சிறப்பைப் பற்றிச் சொற்பொழிவு ஆற்றுவார். கேட்போர் கைதட்டிக் கலைவர். மறு ஆண்டும் படிப்பு நிற்கும். பயிற்சி பெற்றவரோ முதலில் பேசார், கேட்பார். மேல்நிலைப் பள்ளி எத்துணைத் தொலைவில் உள்ளது? மாலையில் திரும்பப் பேருந்து உண்டா? தந்தை பட்ட கடனை அடைக்க மகன் கூலிக்குச் செல்கின்றானா? பெண்களை அனுப்பப் பெற்றோர் அஞ்சுவது எதனால்? இவ்வாறு வீடுதோறும் வினவினால், ஒரு வீட்டில் வறுமையும், மற்றொரு வீட்டில் அச்சமும், வேறொரு வீட்டில் தேர்வில் தோற்ற நாணமும் காரணமாய் இருத்தலைக் காண்பார். நோய் வேறாயின் மருந்தும் வேறன்றோ? நோயறியாது மருந்தளிப்பவர் அன்பராயினும் தீங்கே விளைப்பர். இளைஞர் ஒருவரின் வாழ்வு இரண்டாம் முறை கிடைப்பதன்று. ஆதலின், அன்போடு அறிவும் வேண்டும் என்பதே இப்பட்டக் கல்வியின் அடிப்படை.

இந்தியாவில் இளைஞர் பணி பல வடிவில் வளர்ந்தது. காந்தியடிகள் நூற்றாண்டை ஒட்டி 1969ஆம் ஆண்டில் நாட்டு நலப்பணித் திட்டம் 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பெற்றது. ஊர்ப்புற இளைஞர்க்காக 1972ஆம் ஆண்டில் நேரு இளைஞர் மையங்கள் தோன்றின. சுவாமி விவேகானந்தர் பிறந்த சனவரி 12ஆம் நாள், 1985 முதல் தேசிய இளைஞர் நாளாகக் கொண்டாடப்பெறுகின்றது. பணி பெருகப் பெருக, அதனை நடத்துவோர்க்கு உயர்கல்வியும் தேவையாயிற்று. இராமானுசர் பிறந்த ஊரும், 1991ஆம் ஆண்டில் முன்னாள் தலைமை அமைச்சர் இராஜீவ் காந்தி கொலையுண்ட ஊரும் ஆகிய ஸ்ரீபெரும்புதூரில், அவர் பெயரால் தேசிய இளைஞர் மேம்பாட்டு நிறுவனம் 1993ஆம் ஆண்டில் நிறுவப்பெற்றது. 2012ஆம் ஆண்டில் நாடாளுமன்றம் இயற்றிய சட்டம் அதனைத் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம் ஆக்கிற்று. ஓர் இளந்தலைவர் உயிர் மாய்ந்த ஊர், இளைஞர்தம் வாழ்வு மலரப் பயிற்சி தரும் ஊராகவும் விளங்குதல் கருதத்தக்கது.

இப்பட்டம் பெற்றோர் அரசுத் திட்டங்களிலும், தொண்டு நிறுவனங்களிலும், தொழிற்பயிற்சி நிலையங்களிலும், ஆராய்ச்சித் துறையிலும் பணியாற்றலாம். எனினும், பட்டம் மட்டுமே பணியைத் தந்துவிடாது. பெரும்பொருள் ஈட்டும் நோக்குடையார்க்கு இத்துறை ஏற்றதும் அன்று. பொறுமையும், பிறர் கூறுவதைச் செவிமடுக்கும் பண்பும், சாதி சமய வேறுபாடு கருதாத நடுநிலையும் உடையார்க்கே இது சிறக்கும். இப்பண்புகளை வகுப்பறையில் மட்டும் பெறுதல் இயலாது. பள்ளி நாளிலேயே நாட்டு நலப்பணி போன்றவற்றில் ஈடுபட்டுப் பழகுதல் வேண்டும்.

உயர்நிலைப் பள்ளி மாணவர் 15 வயதை எட்டும்போது, அரசின் கொள்கை குறிக்கும் இளைஞர் கூட்டத்தில் தாமும் சேர்கின்றனர். இன்று இக்கல்விக்கு ஆராய்ச்சிப் பொருளாய் நிற்கும் அவர்களுள் சிலர், நாளை இதனைக் கற்றுத் தமக்குப் பின் வரும் இளையோர்க்குத் துணையாய் நிற்றல் கூடும். தாம் கடந்து வந்த வழியின் மேடு பள்ளங்களை மறவாதவரே பின்வருவோர்க்கு நல்ல வழிகாட்டி ஆவர்.