நாய் தின்ற சோறு எலும்பில் இருக்கிறது!

2 ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் செத்த நாயின் கடைசிச் சாப்பாட்டையும் கண்டுபிடித்து விட்டார்கள்

புதுவைக்குத் தெற்கே, கடலோரம் உள்ள ஊர் பூரணாங்குப்பம். விடியற்காலையில் படகுகள் கரை சேரும். வலையைப் பிரிக்க ஆட்கள் வருவதற்கு முன்னாலேயே நாய்கள் வந்து வரிசையாக உட்கார்ந்து விடும். விலை போகாத பொடி மீன், மீன் தலை, குடல் எல்லாம் அவற்றின் பங்கு.

ஊருக்குள்ளே, வயல் பக்கத்துத் தெருவில் இருக்கும் நாய்க்கு இந்த யோகம் கிடையாது. மிஞ்சின சோறும், வடித்த கஞ்சியும்தான் அதற்கு.

இரண்டும் ஒரே நிறம், ஒரே உயரம் என்று வைத்துக் கொள்ளுங்கள். இரண்டும் செத்து மண்ணுக்குள் போய்விட்டன. ஆயிரம் வருடம் கழித்து யாரோ ஒருவர் தோண்டி எலும்புகளை எடுக்கிறார். எது கடற்கரை நாய், எது வயல் நாய் என்று அவரால் சொல்ல முடியுமா?

முடியும்! எலும்பைப் பார்த்தே சொல்லி விடலாம் என்கிறார்கள் விஞ்ஞானிகள்.

கம்பங்கூழும் நெல்லுச் சோறும்

உண்டதுதான் உடம்பாகிறது. இது நம் பாட்டிமார் அறிந்த செய்தி. சோற்றில் உள்ள கரிப்பொருளும் மீனில் உள்ள நைட்ரஜனும் இரத்தத்தில் கலந்து, சதையாகவும் எலும்பாகவும் மாறுகின்றன.

கரி என்றால் அடுப்புக் கரியை மட்டும் நினைக்க வேண்டாம். கார்பன் என்னும் மூலப்பொருள் எல்லா உயிர்களிலும் இருக்கிறது. அதில் சிதையாமல் நிலைத்து நிற்கும் ரகம் இரண்டு. ஒன்று இலேசானது. இன்னொன்று சற்றுக் கனமானது. கனமான ரகம் நூற்றில் ஏறக்குறைய ஒரு பங்குதான்.

செடிகள் காற்றிலிருந்து கரியை எடுத்து வளர்கின்றன. எல்லாச் செடிகளும் ஒரே மாதிரி எடுப்பதில்லை. நெல், கோதுமை, உளுந்து, துவரை ஆகியவை கனமான கரியை அவ்வளவாகச் சேர்ப்பதில்லை. கம்பு, சோளம், கேழ்வரகு, தினை, கரும்பு ஆகியவை நெல்லைவிட அதிகம் சேர்த்துக் கொள்கின்றன. ஆகவே கம்பங்கூழ் குடித்து வளர்ந்த உடம்புக்கும், நெல்லுச் சோறு தின்று வளர்ந்த உடம்புக்கும் கணக்கு வேறு!

ஆனால் ஒரு சிக்கல் உண்டு. கடல் மீனிலும் கனமான கரி கூடுதலாக இருக்கிறது. கரியை மட்டும் பார்த்தால், கம்பங்கூழ் குடித்த நாயும் கடல் மீன் தின்ற நாயும் ஒன்றுபோலத் தோன்றும்.

அங்கேதான் நைட்ரஜன் கைகொடுக்கிறது. அதிலும் இலேசு, கனம் என்று இரண்டு ரகம். புல்லைத் தின்னும் ஆட்டின் உடம்பில் புல்லைவிடக் கனமான நைட்ரஜன் கூடுதல். அந்த ஆட்டைத் தின்னும் பிராணிக்கு அதைவிடக் கூடுதல். கடலிலோ பாசியைச் சிறு பூச்சி தின்னும். பூச்சியைப் பொடி மீன் தின்னும். பொடி மீனைப் பெரிய மீன் விழுங்கும். படிக்குப் படி ஏறிக்கொண்டே போகும். அந்தப் பெரிய மீனின் தலையைத் தின்கிற நாயின் எலும்பில், கனமான நைட்ரஜன் உச்சத்தில் நிற்கும். கூழ் குடித்த நாய் அந்த உயரத்துக்கு வராது.

எப்படிப் பார்க்கிறார்கள்?

சுண்டுவிரல் நகத்தளவு எலும்புத் துண்டு போதும். அதைக் காரம் குறைந்த அமிலத்தில் ஊற வைக்கிறார்கள். சுண்ணாம்புப் பகுதி கரைந்து போகும். இரப்பர் போல ஒரு பொருள் மிஞ்சும். அதுதான் எலும்பின் உள்ளே இருக்கும் கொலாஜன் என்ற பசைப்பொருள். தச்சர்கள் மரம் ஒட்டக் காய்ச்சினார்களே வஜ்ஜிரம், அதுவும் இந்தப் பசைப்பொருளிலிருந்து வந்ததுதான்.

அந்தப் பசையை எரித்து ஆவியாக்கி ஓர் இயந்திரத்துக்குள் செலுத்துகிறார்கள். உள்ளே காந்தம் இருக்கிறது. பாதை வளைகிறது. காலி வண்டி வளைவில் சட்டென்று திரும்பும். மூட்டை ஏற்றிய வண்டி அகலமாகத்தான் திரும்பும் அல்லவா? அதே மாதிரி இலேசான அணுக்கள் ஒரு பக்கமும் கனமான அணுக்கள் ஒரு பக்கமும் பிரிந்து விழுகின்றன. எது எவ்வளவு என்று இயந்திரம் எண்ணிவிடுகிறது.

இதில் தெரிவது ஒரு வேளைச் சாப்பாடு அல்ல. பல மாதம், பல வருடம் தின்றதன் மொத்தக் கணக்கு. நேற்று கல்யாண வீட்டில் தின்ற எச்சில் இலை எலும்பில் ஏறாது!

நம்மைப் போன்ற வெப்ப நாட்டில் ஒரு கஷ்டமும் இருக்கிறது. சூட்டிலும் ஈரத்திலும் எலும்பின் பசை சீக்கிரம் அழிந்து விடும். குளிர் நாட்டு மண்ணில் பல ஆயிரம் ஆண்டு கிடந்த எலும்பிலும் பசை கிடைக்கிறது. இங்கே சில நூறு ஆண்டு எலும்பிலேயே கிடைக்காமல் போவதுண்டு. அப்போது பல்லின் மேலுள்ள எனாமலைச் சுரண்டிச் சோதிப்பார்கள். அது கெட்டி. எளிதில் அழியாது.

மனிதனுக்கு நாய் சாட்சி

"நாய் எதைத் தின்றால் நமக்கென்ன?" என்று கேட்கத் தோன்றும்.

வீட்டு நாய், வீட்டுக்காரன் போடுவதைத்தான் தின்கிறது. அவன் அரிசி தின்றால் அது அரிசி. அவன் மீன் தின்றால் அது மீன் முள். பழங்கால மனிதன் என்ன சாப்பிட்டான் என்று அறிய அவனுடைய எலும்பு வேண்டும். பல இடங்களில் எரித்து விடுகிறார்கள். புதைத்த இடங்களிலும், முன்னோரின் சமாதியைத் தொடக்கூடாது என்று அவர்கள் வழிவந்தவர்கள் சொல்கிறார்கள். அது நியாயமான பேச்சு. அப்போது நாய் எலும்பு உதவிக்கு வருகிறது.

கனடாவின் மேற்குக் கடற்கரையில் நாமு என்ற பழைய குடியிருப்பு உண்டு. அங்கே கிடைத்த நாய் எலும்புகளை ஆராய்ந்து 1999-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். கடல் உணவை நம்பி வாழ்ந்த ஊர் அது என்பதை நாய்களே சொல்லிவிட்டன.

இங்கிலாந்தில் யார்க்ஷயர் பகுதியில், கடலை விட்டு உள்ளே தள்ளியிருந்த ஏரிக்கரையில், மிகப் பழைய நாய் எலும்பு ஒன்று கிடைத்தது. அதில் கடல் உணவின் அடையாளம் இருப்பதாக 1990-ல் இரண்டு பெண் விஞ்ஞானிகள், ஜூலியட் கிளட்டன்-பிராக்கும் நானா நோ-நைகார்டும் எழுதினார்கள். அந்த வேடர்கள் வருடத்தில் சில மாதம் கடற்கரைக்குப் போய் வந்திருக்க வேண்டும் என்பது அவர்கள் முடிவு. "இல்லை, ஏரித் தண்ணீரில் இருந்த சுண்ணாம்பு செய்த வேலை அது" என்று வேறு சிலர் மறுத்தார்கள். ஒரு நாய் எலும்புக்கு எவ்வளவு பெரிய வழக்கு, பாருங்கள்!

நாய்ச் சாட்சியை அப்படியே நம்பிவிடவும் கூடாது. நாய் தின்னக் கூடாததையும் தின்னும். அது எல்லோரும் அறிந்த விஷயம். தாய்ப்பால் குடித்த குட்டியின் எலும்பில், அது இறைச்சி தின்றது போலக் கணக்குக் கூடுதலாகக் காட்டும். இதையெல்லாம் கழித்துத்தான் முடிவு சொல்ல வேண்டும்.

ஓநாய் சோறு தின்னக் கற்ற கதை

நாயின் மூதாதை ஓநாய். இறைச்சி தின்னும் பிராணி. அதன் வம்சம் சோற்றுக்கும் ரொட்டிக்கும் எப்படிப் பழகியது?

2013-ல் சுவீடன் நாட்டு உப்சாலா பல்கலைக் கழகத்தார் இதற்கு விடை கண்டார்கள். மாவுப் பொருளைச் செரிக்க வைக்கும் ஒரு மரபணு ஓநாய்க்கு இரண்டு பிரதிதான் இருக்கிறது. நாய்க்கோ 4 முதல் 30 வரை இருக்கிறது! மனிதன் உழுது பயிரிடத் தொடங்கிய பிறகு, அவன் வாசலில் கிடைத்த சோற்றைச் செரிக்க முடிந்த நாய்களே தழைத்தன என்று தெரிகிறது.

நம் நாட்டிலும் மனிதனுக்கும் நாய்க்கும் உள்ள உறவு பழையது. காஷ்மீரில் பூர்சஹோம் என்ற இடத்தில் 1960 முதல் தோண்டினார்கள். புதிய கற்காலத்து மனிதர்களோடு நாய்களும் புதைக்கப்பட்டிருந்தன. திருவண்ணாமலை மாவட்டம் எடுத்தனூரில் 7-ஆம் நூற்றாண்டு நடுகல் ஒன்று இருக்கிறது. எஜமானனோடு நின்று கள்ளர்களைக் கடித்த நாய்க்கும் அதில் இடம் உண்டு. அதன் பெயர் கோவிவன் என்றும் பொறித்திருக்கிறார்கள்.

அரிக்கமேட்டுக் கப்பல் போன ஊர்

பூரணாங்குப்பத்திலிருந்து வடக்கே சில மைல் போனால் அரிக்கமேடு. 1945-ல் மார்ட்டிமர் வீலர் தோண்டி, ரோமாபுரியோடு வாணிகம் நடந்த துறை இது என்று உலகுக்குக் காட்டினார். மது வந்த இருகைச் சாடிகளின் துண்டுகள் அங்கே கிடைத்தன.

அந்த வாணிகத்தின் மறு முனைகளில் ஒன்று, எகிப்தில் செங்கடல் கரையில் இருந்த பெரனிகே துறைமுகம். அங்கே இந்தியச் சாடி ஒன்றில் 7½ கிலோ மிளகு கிடைத்தது. தமிழ் எழுத்துக் கீறிய பானை ஓடும் கிடைத்தது.

அந்த ஊரின் ஓரத்தில், 2011-ல், பிராணிகளைப் புதைத்த இடம் அகப்பட்டது. கி.பி. 1, 2-ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தது. போலந்து நாட்டு நிபுணர் மார்த்தா ஓசிபின்ஸ்கா ஆராய்ந்து 2021-ல் வெளியிட்ட கணக்கில் 585 பிராணிகள். பூனை 536, நாய் 32, குரங்கு 15. குரங்குகள் இந்தியாவிலிருந்து கப்பல் ஏறிப் போனவை!

அவற்றில் ஒரு பெரிய நாய். எலும்பில் புற்றுநோய் கண்டு செத்திருக்கிறது. பனையோலைப் பாயில் சுற்றி, மேலே உடைந்த சாடியின் இரண்டு பாதிகளையும் மூடி வைத்திருந்தார்கள். குடல் இருந்த இடத்தில் அதன் கடைசிச் சாப்பாட்டின் மிச்சம் இருந்தது. இயந்திரம் தேவைப்படவில்லை, கண்ணாலேயே தெரிந்தது. ஆட்டுக் கறியும் மீனும்!

பெரனிகே பாலைவனம். நைல் நதிக்கரை ஊரிலிருந்து அங்கே போய்ச் சேர 12 நாள் பயணம். தானியமும் மற்றச் சாமானும் அந்த வழியாகத்தான் வரவேண்டும். அப்படிப்பட்ட ஊரில், வேட்டைக்கும் காவலுக்கும் இனி உதவாத நாய்க்கு ஒருவர் கறி போட்டிருக்கிறார். பல் கொட்டிப் போய், தானாகத் தின்ன முடியாத பிராணிகளும் அந்த இடத்தில் உண்டு. யாரோ மசித்து ஊட்டியதால்தான் அவை அவ்வளவு காலம் பிழைத்திருக்க முடியும்.

இது வெறும் குப்பைமேடு, செத்த பிராணிகளைக் கொண்டுவந்து எறிந்திருக்கிறார்கள் என்று முதலில் சொன்னவர்களும் உண்டு. எறிகிற நாய்க்கு யாரும் பாய் சுற்ற மாட்டார்கள்.