கடல் கடந்து வந்த புளிக்கறி

வன்னி நாட்டிலே பன்றியைப் பற்றிப் பேச்செடுத்தால், உழவர் முதலில் நினைப்பது அடுப்பையன்று, வயல் வரப்பையே. கதிர் முற்றும் காலத்தில் ஓர் இரவிலே வயலைக் கிளறிப் பாழாக்கும் காட்டுப்பன்றியைக் காவற்குடிலிலிருந்து தீப்பந்தம் காட்டி விரட்டியோர் இங்குப் பலர். வேட்டையிற் கிடைத்த இறைச்சியை மிளகும் புளியும் இட்டுக் கறியாக்குவதும், எஞ்சியதை உப்பிட்டு வத்தலாக்குவதும் நம் முன்னோர் கண்ட வழி. இன்று நான் கூற வந்தது, நமது புளிக்கறிக்கு ஒருவகையில் உறவாகிய, பிலிப்பைன் தீவுகளின் 'அடோபோ' என்னும் பன்றிக்கறியைப் பற்றியாகும்.

இக்கறி கிளிநொச்சி மாவட்டத்துச் சிற்றூர் ஒன்றுக்கு வந்த கதையை முதலிற் சொல்லவேண்டும். 2009இல் போர் முடிந்தபின், கணவரை இழந்த தாய்மார் பலர் பிள்ளைகளைப் பாட்டிமாரிடம் விட்டு வளைகுடா நாடுகளுக்கு வீட்டுவேலைக்குச் சென்றனர். என் மாணவன் ஒருவனின் தாய் குவைத்துக்குச் சென்றார். அங்கே தம்முடன் வேலைசெய்த பிலிப்பைன் பெண்ணிடம் இதனைக் கற்றார். அந்நாட்டிற் பன்றியிறைச்சிக்குத் தடையுண்டாதலால், அவர் கற்றது கோழியிறைச்சியிலே. ஏழாண்டுகளின் பின் திரும்பியபோது, மகன் அவரைப் புதியவரைப் பார்ப்பதுபோலப் பார்த்தான். "சேர், அவனோடை என்ன கதைக்கிறதெண்டு எனக்குத் தெரியேல்லை. அடுப்பிலை இந்தச் சட்டியை வைச்சு, நெருப்பைப் பார், மூடியைத் திற எண்டு சொல்லித்தான் கதை தொடங்கினது" என்று அவர் என்னிடம் கூறினார்.

'அடோபார்' என்னும் ஸ்பானியச் சொல் ஊறவைத்தலைக் குறிக்கும். ஸ்பானியர் பிலிப்பைன் தீவுகளிற் குடியேறத் தொடங்கியது 1565இல். 1613இல் வெளிவந்த தகாலோகு மொழி அகராதி, அந்நாட்டு மக்களின் ஊறற்கறியை இப்பெயராற் குறிப்பிடுகின்றது. பெயர் அயலாருடையது, வினாகிரியில் இறைச்சியை வேகவைக்கும் முறையோ அம்மண்ணுக்கே உரியது. சோயா சோஸ் சீன வணிகர் வழியாக அங்கு வந்து சேர்ந்தது. அங்கே தென்னங்கள்ளைப் புளிக்கவைத்து வினாகிரி செய்வர். தென்னையும் பனையும் வளரும் நமக்கு அது அந்நியமான பொருளன்று.

வெப்பநாட்டிலே இறைச்சி விரைவிற் கெடுவதற்குக் காரணம் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணுயிர்கள். புளிப்பும் உப்பும் மிகுந்த இடத்தில் அவை எளிதிற் பெருகமாட்டா. குளிர்சாதனப் பெட்டி இல்லாத காலத்தில் இம்முறை தோன்றியதன் பொருத்தம் இதனால் விளங்கும்.

இனிச் செய்முறையைக் கேளுங்கள். கொழுப்பும் தசையும் கலந்த இறைச்சி 1 கிலோவைப் பெருந்துண்டுகளாக வெட்டுக. வினாகிரி அரைக் கோப்பை, சோயா சோஸ் அரைக் கோப்பை, நசுக்கிய உள்ளி ஒரு முழுப்பூண்டு, முழுமிளகு 1 தேக்கரண்டி, பிரிஞ்சி இலை 3 ஆகியவற்றுடன் ஒரு மணிநேரம் ஊறவிடுக. பின் மண்சட்டியில் இட்டு, 2 கோப்பை நீர் வார்த்துக் கொதிக்கவிடுக. அலுமினியச் சட்டி ஆகாது. புளிப்பு அவ்வுலோகத்தை அரிக்கும். முதற் கொதிப்பில் மூடியின்றி, அகப்பையால் துழாவாது சிறிது நேரம் விடுவது மரபு. வினாகிரியின் காரநெடி அதனால் நீங்கும். பின்னர் மூடி, மெல்லிய தீயில் ஒன்று முதல் ஒன்றரை மணிநேரம் வேகவிடுக. இறைச்சி மெத்தென்றானதும் அதனைத் தனியே எடுத்து, அதன் கொழுப்பிலேயே சிவக்க வாட்டி, சுண்டிய சாற்றில் மீண்டும் சேர்க்க. சோயா சோஸில் உப்பு உண்டு. ஆதலால் உப்பை இறுதியிற் சுவைத்துப் பார்த்தே இடுக. வெறுஞ்சோறே இதற்கேற்ற துணை. பன்றியிறைச்சி உண்ணாதோர் கோழியிற் செய்யலாம். அதற்கு முக்கால் மணிநேரம் போதும்.

எச்சரிக்கை ஒன்றும் உண்டு. புளிப்புக் காக்கும் என்று நம்பி, என் வீட்டில் ஒருமுறை இரண்டு நாள் சட்டியை அடுப்படியிலேயே வைத்திருந்து உண்டோம். வயிற்றுளைவால் வீடே வாடியது. அறியாமை எங்களுடையதே. புளிப்பு நுண்ணுயிரின் வேகத்தைத் தடுக்குமேயன்றி முற்றாக அழிக்காது. மீதியை இரண்டு மணிநேரத்துள் குளிர்சாதனப் பெட்டியில் வைத்து, மூன்று நான்கு நாளுள் நன்கு கொதிக்கவைத்து உண்க. பெட்டி இல்லாதோர் அன்றன்றே முடித்துவிடுக. காட்டுப்பன்றியின் தசையிலே நுண்புழுக்கள் இருத்தல் கூடும். உள்ளே சிவப்பு நிறம் சிறிதுமின்றி வேகவேண்டும். வத்தலாக்குவதோ ஊறவைப்பதோ மட்டும் அப்புழுக்களைக் கொல்லுமென்று நம்பலாகாது. 2024இல் இலங்கையிற் பரவிய ஆபிரிக்கப் பன்றிக்காய்ச்சல் மனிதரைத் தொற்றாது; எனினும் நோயுற்று இறந்த விலங்கை உண்பது தகாது. பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் மேற்பார்வையிலுள்ள கடையில் வாங்குவதே நன்று.

அன்பர்களே, அயல்நாடு சென்று மீளும் தாய்மார் பணத்தையும் பொருளையும் மட்டும் கொண்டுவருவதில்லை, கைத்திறனையும் கொண்டுவருகின்றனர். அவர்கள் கற்றதைக் கேட்டறிந்து மதித்தல் நம் கடன். அம்மாணவன் இப்பொழுது உயர்தர வகுப்பிற் படிக்கின்றான். உள்ளி உரிக்கும் வேலை இன்னமும் அவனுடையதே என்று அவன் தாய் சொல்கிறார்.