இயந்திர நாயும் தனித்த தாயும்

சுன்னாகத்தில் ஆயுத பூசையன்று தையற்பொறிக்குச் சந்தனமிட்டு வணங்குவதைக் கண்டிருக்கிறேன். ஆயினும், அப்பொறி வருந்துமென்று எவரும் எண்ணுவதில்லை. யப்பானிலோ, சோனி நிறுவனம் 2014இல் 'ஐபோ' என்னும் இயந்திர நாய்களைப் பழுதுபார்ப்பதை நிறுத்தியபின், 2015 முதல் இசுமி நகரப் புத்த ஆலயத்தில் அவற்றுக்கு ஈமச்சடங்குகள் நிகழ்ந்தன. அவற்றுக்கு உயிரில்லை, ஆனால் அவற்றோடு ஆண்டுக்கணக்காய்ப் பேசியிருந்தோரின் துயரம் பொய்யன்று. அதனை நகைக்க எனக்கு மனம் வரவில்லை. சுஜாதா 'என் இனிய இயந்திரா'வில் படைத்த ஜீனோவும் இயந்திர நாய்தானே. நாம் அதனை நேசிக்கவில்லையா?

என் அச்சம் வேறு. மகன் கனடாவிலிருக்க, இங்கே தனித்திருக்கும் தாயிடம், "சாப்பிட்டீர்களா, அம்மா?" என்று நாளை ஒரு பொறி கேட்கும். அவள் உண்டாளா என்ற கவலை பொறிக்கு இராது; கவலைப்பட வேண்டிய மகனோ, கேட்டாயிற்று என்று இருந்துவிடுவான்.