தொலைவூர் முட்டையும் அடைக்கோழியும்

பறவைகளின் இளமைக்குப் பார்ப்பு, பிள்ளை என்னும் பெயர்களை வகுத்தார் தொல்காப்பியர். இன்று நாம் குஞ்சு என்கிறோம். பெயர் மாறினும் பிறக்கும் முறை மாறவில்லை. கோழிக்குஞ்சு வெளிவர 21 நாள் வேண்டும். ஆயினும், வெளியூரிலிருந்து வரவழைத்த முட்டைகளை அடை வைத்து ஏமாந்தோர் பலர். அவர்களுள் யானும் ஒருவன். அதன் காரணத்தை விளக்குவதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் ஓர் ஐயத்தைக் களைவோம். 2022 ஆம் ஆண்டின் இறுதியில் நம் நாட்டில் முட்டைத் தட்டுப்பாடு ஏற்பட்டபோது, தமிழ்நாட்டு நாமக்கல்லிலிருந்து முட்டைகள் கப்பலேறி வந்தன. “அவற்றை அடை வைத்தால் நாமக்கல் கோழி பிறக்குமா?” என்று மாணவன் ஒருவன் கேட்டான். பிறக்காது. உண்பதற்கென முட்டை தரும் பண்ணைகளில் சேவல் இல்லை. சேவல் சேராத முட்டையில் கரு இல்லை. அடைக்குக் கருமுட்டையே வேண்டும்.

ரவாங்கை அடுத்த எங்கள் தோட்டப் பள்ளிக்கு வடக்கேயுள்ள நண்பர் ஒருவர் 12 கருமுட்டைகளை அனுப்பினார். எங்கள் மாணவன் ஒருவனுடைய பாட்டியின் கம்பத்துக் கோழி அப்போது அடை கிடந்தது. பெட்டி வந்த அன்று நண்பகலிலேயே முட்டைகளை அதன்கீழ் வைத்தோம். 21 ஆம் நாள் பொரித்தது ஒன்றே. “ராசி கெட்ட கோழி, வாத்தியாரையா! ஞாயிற்றுக்கிழமை அறுத்துவிட வேண்டியதுதான்” என்றார் பாட்டி. பையன் முகம் வாடிப்போயிற்று. “இரண்டு நாள் பொறுங்கள், அம்மா” என்று வேண்டி, எஞ்சிய 11 முட்டைகளையும் உடைத்துப் பார்த்தேன். மூன்றில் வளர்ச்சியே இல்லை. மூன்றில் இரத்த வளையம் மட்டும் இருந்தது. ஐந்தில் முழு உருப்பெற்ற குஞ்சுகள் ஓட்டுக்குள்ளேயே இறந்துகிடந்தன. குற்றம் கோழியினுடையதன்று என்பது அப்போதுதான் விளங்கியது.

முட்டையின் அகன்ற முனையில் ஒரு காற்றறை உண்டு. இட்ட முட்டை குளிரும்போது உட்பொருள் சுருங்க, அவ்விடத்தில் காற்றுப் புகுந்து தங்குகிறது. பொரிப்பதற்கு ஓரிரு நாள் முன்பு, குஞ்சு தன் அலகால் அவ்வறையைத் துளைத்து முதல் மூச்சு விடுகிறது. பின்னரே ஓட்டை உடைக்கிறது. வண்டியின் குலுக்கலில் காற்றறை தளர்ந்து இடம் பெயர்ந்தால், குஞ்சு மூச்சுக்கு வழி காணாது மடியலாம். குலுங்கிய முட்டையை ஓய்வின்றி அடை வைத்ததே யான் செய்த பிழை.

மற்றொரு காரணம் வெப்பம். இட்ட முட்டையிலேயே கரு சிறிது வளர்ந்திருக்கும். ஏறத்தாழ 20 பாகைக்குக் கீழே அது உறங்கும். நம் நாட்டுப் பகல் வெப்பத்திலோ அரைகுறையாக விழித்து, வலுவிழந்துவிடும். ஆதலால் 13 முதல் 18 பாகை வரையுள்ள குளிர்ச்சியில் வைத்து, ஏழு நாளுக்குள் அடை வைத்தல் நன்று. குளிர்பதனப் பெட்டியின் கடுங்குளிரும் ஆகாது.

எனவே செய்ய வேண்டியது யாது? வந்த முட்டைகளை, அகன்ற முனை மேலாக நிறுத்தி, குளிர்ந்த இடத்தில் ஒரு நாள் ஓய்வாக வைக்க வேண்டும். அதுவரை கோழியின்கீழ் சாதாரண முட்டைகள் சில இருக்கட்டும். மறுநாள் மாலை இருட்டியபின் அவற்றை எடுத்துவிட்டு, கருமுட்டைகள் அனைத்தையும் ஒரே வேளையில் வைக்க வேண்டும். இல்லையேல் குஞ்சுகள் வெவ்வேறு நாளில் பொரிக்கும். ஏழாம் நாள் இருட்டில் கைவிளக்கின் ஒளியில் பார்த்தால், உயிருள்ள முட்டையில் செந்நரம்புகள் வலைபோல் தோன்றும். அல்லாதவற்றை நீக்கிவிடலாம்.

மற்றவற்றைக் கோழி பார்த்துக்கொள்ளும். வயிற்றடியில் இறகு உதிர்ந்த வெற்றுத்தோலால் சூடு தருகிறது; முட்டைகளை நாள்தோறும் பலமுறை புரட்டுகிறது; இரை தேடச் சிறிது நேரமே எழுகிறது. 1894 இல் லோக் யூவும் தம்புசாமிப் பிள்ளையும் ஈயச் சுரங்கத்திற்கு மின்னாக்கி நிறுவிய ஊர் நம் ரவாங். இன்று மின்சாரப் பொரிப்பான் 37.5 பாகை வெப்பத்தைக் காத்துத் தருகிறது. எனினும், ஓட்டுக்குள்ளிருந்து கூவும் குஞ்சுக்கு மறுகுரல் கொடுப்பது தாய்க்கோழியே.

பாட்டி அக்கோழியை அறுக்கவில்லை. அடுத்த முறை அது அடை கிடந்தபோது, வேறு 12 முட்டைகளை வரவழைத்து மேற்கூறியவாறு செய்தோம். ஏழு குஞ்சுகள் பொரித்தன. ஒருமுறை கண்டதை விதியென்று கூறேன். ஆயினும் காரணம் அறிந்து செய்த செயலுக்குப் பயன் கிட்டியது.

ஆசிரிய நண்பர்களே! ஒரு பருவத்துள் முடியக்கூடிய பாடம் இது. மாணவரோடு செய்து பாருங்கள். தொட்டபின் கை கழுவச் செய்யுங்கள். பொரிக்காத முட்டைகளை அவர்கள் காணாமல் எறிந்துவிடாதீர்கள். எம் மாணவர் மிகுதியாகக் கற்றது அவற்றிலிருந்துதான். யானும் கற்றேன்: பின்தங்கிய பிள்ளையை மக்கு என்று முடிவு கட்டுமுன், அவன் வகுப்பறைக்கு வந்து சேர்ந்த வழி எத்தகையது என்று இப்போதெல்லாம் கேட்டறிகிறேன்.