மட்டைக்கு முத்திரை உண்டு; கைக்கு?

சிறுவர் விளையாட்டைப் பற்றித் தலையங்கப் பக்கத்தில் எழுத வேண்டுமா என்று நேயர்களில் சிலர் கேட்கக்கூடும். பெரியோர் தம் அதிகாரத்துக்குட்பட்ட சிறியோரை எவ்விதம் நடத்துகின்றனர், அவ்வதிகாரத்துக்கு விதிகள் எவ்விதம் வரம்பு கட்டுகின்றன என்பவை எந்நாட்டிலும் பொது விஷயங்களே. அமெரிக்காவின் சிறுவர் பேஸ்பால் விதிகளை நாம் இங்கே ஆராயப் புகுந்தது இக்காரணம் பற்றியே.

1939ஆம் ஆண்டில் பென்சில்வேனியா ராஜ்யத்தின் வில்லியம்ஸ்போர்ட் நகரில் கார்ல் ஸ்டாட்ஸ் என்பவர் மூன்றே கோஷ்டிகளைக் கொண்டு லிட்டில் லீக் என்னும் ஸ்தாபனத்தைத் தொடங்கினார். பெரியோர் ஆடும் ஆட்டத்தைச் சிறுவர் உடலுக்கேற்ப அளந்து கொடுத்ததே அவர் செய்த உபகாரம். பெரியோர் மைதானத்தில் பந்தெறிபவனுக்கும் அடிப்பவன் நிற்கும் இடத்துக்கும் உள்ள தூரம் 60 அடி 6 அங்குலம். பன்னிரண்டு வயதுச் சிறுவர் மைதானத்தில் இன்று அது 46 அடி. கிரிக்கெட்டை அறிந்த நம்மவர் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பிட்சர் எனப்படும் எறிபவன் நம் பந்துவீச்சாளனுக்கு ஒப்பானவனே. ஆனால் ஆறு பந்து வீசியதும் பந்தை இன்னொருவனிடம் கொடுத்துவிட்டு ஓரமாய் நிற்கும் வழக்கம் அங்கே இல்லை. மாற்றப்படும் வரையில் அவன் ஒருவனே எறிந்துகொண்டிருக்க வேண்டும். ஆட்டத்தின் பாரம் முழுவதும் ஒரு பையனின் தோளிலும் முழங்கையிலும் வந்து தங்குகிறது.

முதலில் உபகரணங்களை நோக்குவோம். மணிக்கு 70 மைல் வேகத்தில் எறியப்பட்ட பந்து 46 அடியைக் கடக்க அரை விநாடிகூட ஆவதில்லை. ஆகவே அடிப்பவன் மட்டுமன்றி, ஓடுபவனும், பேஸ் அருகே நின்று யோசனை சொல்லும் சிறுவனும் அங்கீகார முத்திரை பெற்ற தலைக்கவசம் அணிய வேண்டும் என்பது விதி. பின்னால் குந்தியிருந்து பந்தைப் பிடிக்கும் கேட்சருக்கு முகமூடி, தலைக்கவசம், தொண்டையை மறைக்கும் தொங்குதகடு, மார்புக் கவசம் ஆகியவை வேண்டும். ஆட்டத்துக்கு முன் எறிபவன் கையைச் சூடேற்றிக்கொள்ளும் சமயத்தில்கூட முகமூடியைக் கழற்ற அனுமதியில்லை. இரும்பு முள் பதித்த காலணி இவ்வயதினருக்கு ஆகாது. சறுக்கி வந்து மோதும் பையனின் கால் முறியாதிருக்கும் பொருட்டு, அடித்தால் பெயர்ந்து கொடுக்கும் பேஸ்களை 2008 முதல் கட்டாயமாக்கியிருக்கின்றனர்.

மட்டையின் கதை இன்னும் சுவாரஸ்யமானது. உலோகத்தாலும் கலப்புப் பொருள்களாலும் ஆன மட்டைகள் பந்தை மர மட்டையைக் காட்டிலும் வேகமாய்த் திருப்பியனுப்பின. எதிரே 46 அடியில் நிற்பவனோ எறிந்து முடித்துக் கை தாழ்ந்த நிலையில் உள்ள சிறுவன். எனவே மர மட்டையை ஒத்த வேகத்துக்கு மேல் செல்லாதவாறு புதிய அளவுகோல் ஒன்று வகுக்கப்பட்டு, 2018 ஜனவரி 1ஆம் தேதி அமலுக்கு வந்தது. மரத்தாலல்லாத மட்டையில் அதற்குரிய முத்திரை இல்லாவிடில் அதை மைதானத்துக்குள் கொண்டுவரலாகாது. இருநூறு முந்நூறு டாலர் கொடுத்து வாங்கிய பழைய மட்டைகள் ஒரே நாளில் பயனற்றுப் போயின. பெற்றோர் முணுமுணுத்தனர், ஆயினும் கீழ்ப்படிந்தனர். முத்திரை கண்ணுக்குத் தெரிகிறது. நடுவர் கையில் எடுத்துப் பார்த்து, உண்டு அல்லது இல்லை என்று சொல்லிவிடலாம்.

கையின் விஷயம் அத்தகையதன்று. முன்னாளில் ஒரு பையன் இத்தனை இன்னிங்ஸ்தான் எறியலாம் என்று கணக்கிட்டு வந்தனர். ஓர் இன்னிங்ஸ் பத்து எறிதலிலும் முடியலாம், நாற்பதிலும் முடியலாம் என்பதை அனுபவத்தில் கண்டு, 2007 முதல் லிட்டில் லீக் எறிதல்களையே எண்ணத் தொடங்கியது. எட்டு வயது வரையில் நாளொன்றுக்கு 50. ஒன்பது, பத்து வயதினருக்கு 75. பதினொன்று, பன்னிரண்டு வயதினருக்கு 85. பதின்மூன்று முதல் பதினாறு வரை 95. பதினான்கு வயதுக்குட்பட்டவன் 66 அல்லது அதற்கு மேல் எறிந்தால் நான்கு நாள் ஓய்வு பெற வேண்டும். 51 முதல் 65 வரை மூன்று நாள். 36 முதல் 50 வரை இரண்டு. 21 முதல் 35 வரை ஒன்று. 41 எறிந்தவன் அன்று கேட்சராகவும் நிற்கலாகாது. அவ்வேலையிலும் கை ஓயாமல் எறிகிறது அல்லவா?

இவ்விதிகளை இயற்றியவர் விவேகிகள் என்பதில் நமக்கு ஐயமில்லை. இன்னொரு ஷரத்தும் உண்டு. எறிதல்களை எண்ண ஒரு கணக்கர் நியமிக்கப்படுகிறார். அவர் சொல்லத் தவறினாலும் கோஷ்டியின் மானேஜர் பொறுப்பிலிருந்து தப்ப முடியாது. ‘எனக்கு ஒருவரும் அறிவிக்கவில்லை’ என்ற சமாதானம் செல்லாது. வழக்கு மன்றங்களில் பழகிய நமக்கு இதன் அருமை நன்கு தெரியும்.

ஆனால் ஓட்டை எங்கே இருக்கிறது? ஒரு லீக்கின் கணக்கு அந்த லீக்கின் எல்லையோடு முடிகிறது. சனிக்கிழமை இங்கே 70 எறிந்த பையன், ஞாயிற்றுக்கிழமை வேற்றூருக்குப் போய்ப் பந்தயம் ஆடும் இன்னொரு கோஷ்டிக்காக எறிந்தால், அங்குள்ள கணக்கருக்கு அவன் கை புதிய கை! சூடேற்றுவதற்காக எறிந்தவையும் கணக்கில் சேர்வதில்லை. இரண்டு புத்தகங்களிலும் எழுத்து சுத்தமாயிருக்கிறது. பையனுடைய முழங்கை மட்டும் இரண்டையும் கூட்டிக்கொள்கிறது.

அந்தக் கூட்டலின் பலன் யாது? 1974இல் டாம்மி ஜான் என்னும் தொழில்முறை ஆட்டக்காரருக்கு டாக்டர் பிராங்க் ஜோப் முழங்கைத் தசைநாரை மாற்றியமைத்து ரண சிகிச்சை செய்தார். தேர்ந்த ஆட்டக்காரருக்கென்று பிறந்த அச்சிகிச்சை இன்று பிள்ளைகளைத் தேடி வந்துவிட்டது. 2007 முதல் 2011 வரையில் அமெரிக்கக் காப்புறுதிக் கணக்குகளை ஆராய்ந்து 2015இல் வெளியிடப்பட்ட கட்டுரையொன்று, இச்சிகிச்சை பெற்றவருள் நூற்றுக்கு 56.7 பேர் பதினைந்து முதல் பத்தொன்பது வயதினர் எனக் கண்டது. அலபாமா ராஜ்யத்து பர்மிங்ஹாம் நகர வைத்திய ஆராய்ச்சியாளர் 2006இல் வெளியிட்ட முடிவுப்படி, ஆண்டில் எட்டு மாதங்களுக்கு மேல் எறிந்தவருக்கு ரண சிகிச்சை நேரும் அபாயம் ஐந்து மடங்கு. களைத்த கையோடு வழக்கமாய் எறிந்தவருக்கு 36 மடங்கு. இளஞ்சிறுவருக்கோ தசைநாருக்கு முன்பே வளரும் எலும்பின் நுனி பழுதாகிறது. இக்கேடு பந்து பட்ட காயம் போல் உடனே வெளித் தெரிவதில்லை. நாள்தோறும் சிறிது சிறிதாகச் சேர்ந்து ஒரு நாள் வெளிப்படுகிறது.

இதற்கு ஆட்சேபம் சொல்வோரும் உளர். ‘நாங்கள் சிறு வயதில் பகல் முழுதும் எறிந்தோம், எண்ணியது யார்?’ என்பர். அவர்கள் தெருவில் தோழரோடு விளையாடினார்கள்; கை வலித்தால் வேறு விளையாட்டுக்குப் போனார்கள். ஆண்டு முழுதும் ஒரே ஆட்டத்தில், வேகத்தை அளக்கும் கருவியின் முன், முழுப் பலத்தோடு எறியும்படி அவர்களை ஒருவரும் ஏவவில்லை. வேறு சிலர், எண்ணிக்கையன்று, வேகத்தின்மேல் கொண்ட மோகமே தீங்கின் மூலம் என்பர். பெரிய லீக்கினர் 2024 டிசம்பரில் வெளியிட்ட அறிக்கையும் அம்மோகத்தைக் கண்டித்தது. மெய்தான். ஆனால் மோகத்தை எண்ணும் கணக்கர் எங்கும் இல்லை. எறிதலை எண்ணலாம், எண்ணத்தக்கதையாவது நேர்மையாய் எண்ணுவோம் என்பதே நமது வாதம்.

நம் தேசத்துச் சட்டத்தில் ஒரு நியாயம் உண்டு. மைனருடைய ஸ்தாவர சொத்தை விற்க வேண்டுமானால் கார்டியன் முன்கூட்டியே கோர்ட்டாரின் அனுமதி பெற வேண்டும். தகப்பனாரே ஆனாலும் இவ்விதி பொருந்தும். தகப்பனாரிடம் அன்பில்லை என்பது இதன் பொருளன்று. அன்புள்ளவரையும் ஆசை வெல்லக்கூடும் என்பதே பொருள். கால் காணி நிலத்துக்கு இவ்வளவு காவல் வைத்தோமே, பன்னிரண்டு வயதுப் பையனின் வலக்கை அதினும் இழிந்த சொத்தோ? ஒரு வெள்ளிக் கோப்பைக்காகவும், என்றோ கிடைக்கலாகும் கல்லூரி உபகாரச் சம்பளத்துக்காகவும் அதைத் தவணை தவணையாக விற்க யாருக்கு அதிகாரம்?

செய்யவேண்டியது கடினமன்று. 2014இல் பெரிய லீக்கினரும் யு.எஸ்.ஏ. பேஸ்பால் ஸ்தாபனத்தாரும் சேர்ந்து வெளியிட்ட யோசனைகள் நல்ல யோசனைகளே. ஆண்டில் நான்கு மாதமாவது எறிவதை நிறுத்துக. ஒரே காலத்தில் பல கோஷ்டிகளில் ஆடாதிருக்க என்கின்றன அவை. ஆயின் யோசனை சட்டமாகாது. லீக் எதுவாயினும், ஊர் எதுவாயினும், பையனோடு கூடவே செல்லும் ஒரே கணக்குப் புத்தகம் வேண்டும். அதைக் காட்டாத பையன் எறியக்கூடாது என்று எல்லா லீக்குகளும் பந்தய நிர்வாகிகளும் ஒருமுகமாய் விதி செய்யவேண்டும். முத்திரையில்லா மட்டையை வெளியே நிறுத்தத் தெரிந்தவர்களுக்கு, கணக்கில்லாக் கையை நிறுத்துவது இயலாத காரியமன்று.

அதுவரையில் பெற்றோர்களே அப்புத்தகத்தை எழுதக் கடவர். பையன் வெற்றி பெற்றானா என்று கேட்குமுன், எத்தனை எறிந்தான் என்று கேட்கட்டும். அக்கேள்வி கேட்கப்படும் இல்லத்துப் பிள்ளையின் கைக்கு அதைவிடச் சிறந்த கவசம் வேறில்லை.