அஜினோமோட்டோ: அஞ்ச வேண்டியது எதற்கு?

சிறுநீரக நோய்ப் புறநோயாளர் பிரிவில் உணவைப் பற்றிப் பேசத் தொடங்கினால், குடும்பத்தினர் பலரும் முதலில் கூறுவது, "எங்கள் வீட்டில் அஜினோமோட்டோ சேர்ப்பதே இல்லை, டாக்டர்" என்பதுதான். ஆனால் அவ்வீடுகள் பலவற்றில் ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் நாள்தோறும் உணவில் இடம்பெறுகின்றன. அஞ்ச வேண்டியதை விட்டுவிட்டு வேறொன்றுக்கு அஞ்சுவதால், நோயாளிக்கே தீங்கு விளைகிறது.

அது என்ன பொருள்?

அஜினோமோட்டோ என்பது ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் வணிகப் பெயர். பொருளின் பெயர் மோனோசோடியம் குளூட்டமேட். 1908ஆம் ஆண்டில் டோக்கியோவைச் சேர்ந்த பேராசிரியர் கிகுனே இகெடா, கடற்பாசி ஒன்றிலிருந்து குளூட்டமேட்டைப் பிரித்தெடுத்து, அதன் சுவைக்கு 'உமாமி' எனப் பெயரிட்டார். தக்காளி, காளான், பாலாடைக்கட்டி ஆகியவற்றில் குளூட்டமேட் இயற்கையாகவே உள்ளது. தாய்ப்பாலில் அது பசும்பாலில் இருப்பதைவிடப் பன்மடங்கு மிகுதி. இயற்கையாக அமைந்ததையும் பின்னர் சேர்த்ததையும் உடல் வேறுபடுத்திப் பார்ப்பதில்லை.

பாதுகாப்பானதா?

1968இல் அமெரிக்க மருத்துவ இதழ் ஒன்றில் வெளியான கடிதம், சீன உணவகங்களில் உண்டபின் தோன்றும் மரமரப்புக்கும் படபடப்புக்கும் காரணம் யாதென வினவியது. அது முன்வைத்த ஐயங்களுள் ஒன்றான இப்பொருள் மீதே பழி நிலைத்துவிட்டது. பின்னர் நடந்த ஆய்வுகள் அப்பழியை உறுதிசெய்யவில்லை. உணவின்றி 3 கிராமோ அதற்கு மேலோ உட்கொண்ட சிலருக்குத் தலைவலி, முகச்சிவப்பு போன்ற தற்காலிகத் தொல்லைகள் தோன்றலாம். ஒரு வேளை உணவில் பொதுவாகச் சேர்வதோ அரை கிராமுக்கும் குறைவு. ஐரோப்பிய உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2017இல் விதித்த வரம்பு, உடல் எடையில் கிலோவுக்கு நாளொன்றுக்கு 30 மில்லிகிராம். 60 கிலோ எடையுள்ளவருக்கு 1.8 கிராம். உண்ணும்போதெல்லாம் தொல்லை தருவதாக உணர்பவர் தவிர்த்துவிடலாம். ஒரு வயது நிறையாத குழந்தைகளுக்குத் தரலாகாது.

சோடியக் கணக்கு

சமையல் உப்பில் ஏறத்தாழ 39 விழுக்காடும், மோனோசோடியம் குளூட்டமேட்டில் ஏறத்தாழ 12 விழுக்காடும் சோடியம் உள்ளது. உலக சுகாதார நிறுவனம் பரிந்துரைக்கும் உச்ச அளவு நாளொன்றுக்கு 5 கிராம் உப்பு, அதாவது 2,000 மில்லிகிராம் சோடியம். சிறுநீரக, இதய நோயாளிகளுக்கு மிகுதியான சோடியமே கால் வீக்கத்துக்கும் மூச்சுத் திணறலுக்கும் உயர் இரத்த அழுத்தத்துக்கும் வழிவகுக்கிறது. அப்பளத்தில் உப்புடன் அப்பளக்காரமும் சோடியத்தைச் சேர்க்கிறது. உப்பைக் கணிசமாகக் குறைத்து இச்சுவைகூட்டியைச் சிறிதளவு சேர்த்தால், சுவை பெரிதும் குன்றாமலே மொத்தச் சோடியம் குறையும்; உப்பைக் குறைக்காமல் இதையும் சேர்த்தால் சோடியம் கூடவே செய்யும். ஆகவே மருத்துவரைக் கேட்டுச் செய்க.

'சோடியம் குறைந்த உப்பு' என விற்பனையாகும் பலவற்றில் பொட்டாசியம் குளோரைடு உள்ளது. ஐ.என்.எஸ். 622 என்னும் சுவைகூட்டியும் பொட்டாசியம் கொண்டதே. இரத்தத்தில் பொட்டாசியம் உயர்ந்துள்ள சிறுநீரக நோயாளிக்கு இவை இதயத் துடிப்பையே பாதிக்கக்கூடும்.

எதிலிருந்து வருகிறது?

இன்று மோனோசோடியம் குளூட்டமேட், கரும்புச் சர்க்கரைப் பாகு, மரவள்ளி மாவு போன்றவற்றை நுண்ணுயிர்களால் நொதிக்கச் செய்து தயாரிக்கப்படுகிறது. ஆதலால் பொதுவாக இது சைவமே. எனினும் செய்முறையும் முக்கியம். 2001ஆம் ஆண்டின் தொடக்கத்தில் இந்தோனேசியாவில், நுண்ணுயிர்களுக்கான ஊட்டப்பொருளைத் தயாரிக்கப் பன்றியிலிருந்து பெற்ற நொதி பயன்பட்டதென அறியவந்ததால், அந்நாட்டில் தயாரான அஜினோமோட்டோ சந்தையிலிருந்து திரும்பப் பெறப்பட்டது. பின்னர் அவ்வூட்டப்பொருள் மாற்றப்பட்டது.

இதனுடன் பெரும்பாலும் சேர்க்கப்படும் ஐ.என்.எஸ். 631, இறைச்சியிலிருந்தோ மீனிலிருந்தோ பெறப்படலாம். நொதித்தல் முறையிலும் பெறப்படலாம். எண்ணைக் கொண்டு மட்டும் இதனை அறிய இயலாது. சைவ உணவினர் பொட்டலத்தின் பச்சைப் புள்ளியையும், ஹலால் நெறியினர் ஹலால் முத்திரையையும் பார்த்து வாங்குக. 627, 631, 635 ஆகியவை உடலில் யூரிக் அமிலமாக மாறக்கூடியவை. கீல்வாத நோயாளிகள் தவிர்ப்பது நன்று.

கடையில் செய்ய வேண்டியவை

• 'எம்.எஸ்.ஜி. சேர்க்கப்படவில்லை' என்ற வாசகத்தோடு நின்றுவிடாதீர்கள். ஈஸ்ட் சாறு, நீராற்பகுத்த காய்கறிப் புரதம் ஆகியவற்றிலும் குளூட்டமேட் உண்டு.

• சோடியம் எத்தனை மில்லிகிராம் என்று முதலில் பாருங்கள். அவ்வளவு 100 கிராமுக்கா, முழுப் பொட்டலத்துக்கா என்பதையும் கவனியுங்கள். அதனை இரண்டரையால் பெருக்கினால் உப்பின் அளவு கிடைக்கும்.

• எலுமிச்சை, சீரகம், மிளகு, இஞ்சி, பூண்டு, கொத்தமல்லி ஆகியவற்றால் சுவை கூட்டுங்கள். பொட்டாசியக் கட்டுப்பாடு உள்ளவர்கள் அளவைக் கேட்டறிக.

வீட்டில் அடிக்கடி பயன்படும் பொட்டலங்களின் உறைகளை அடுத்த வருகையின்போது எடுத்து வாருங்கள். நமது உணவியல் ஆலோசகர் அவற்றைப் படித்து, உங்களுக்கு ஏற்றவை எவை, ஏற்காதவை எவை என்று எடுத்துரைப்பார்.