உஷார்! பாலம் தாண்டினால் லைசென்ஸ் செல்லாது

ஜார்ஜ் டவுனில் வாழையிலைச் சாப்பாட்டுக் கடை நன்றாக ஓடுகிறது, பட்டர்வொர்த்தில் ஒரு கிளை போடலாம் என்று கடைக்கு முன்பணம் கட்டப் போகிறீர்களா? கொஞ்சம் பொறுங்கள்!

ஜார்ஜ் டவுன் இருக்கும் தீவுக்கு லைசென்ஸ் தருவது பினாங்குத் தீவு மாநகர் மன்றம். பட்டர்வொர்த் இருக்கும் அக்கரைக்கு செபராங் பிறை மாநகர் மன்றம். ஒரே மாநிலம்தான், ஆனாலும் இங்கே வாங்கியது அங்கே செல்லாது. எஸ்.எஸ்.எம். எனும் மலேசிய நிறுவன ஆணையத்தின் பதிவுச் சான்றிதழைச் சட்டம் போட்டு மாட்டிவிட்டால் லைசென்ஸ் ஆகிவிடாது.

சமையலுக்கு ஆள் வைக்கும்போதும் உஷார்! பினாங்கு அங்காடிக் கடைகளில் உள்ளூர் உணவை அந்நியத் தொழிலாளர் சமைக்க 2016 முதல் தடை. மேசை துடைக்கலாம், தட்டு எடுத்துக் கொடுக்கலாம். கரண்டி பிடிக்கக் கூடாது. 'வேறு மாநிலத்தில் மச்சான் கடையில் அவர்கள்தானே சமைக்கிறார்கள்' என்ற பேச்சு இங்கே எடுபடாது. சபா, சரவாக்கில் கடை போட்டால், இங்கிருந்து அழைத்துப் போகும் மலேசியச் சமையற்காரருக்கே வேலை பெர்மிட் வேண்டும்.

எந்த மாநிலமானாலும் 2009ஆம் ஆண்டின் உணவுச் சுகாதார விதிமுறைகள் விடாது. சுகாதார அமைச்சில் கடையைப் பதிய வேண்டும். உணவைக் கையாளும் ஒவ்வொருவரும் பயிற்சிக்குப் போயிருக்க வேண்டும், டைபாய்டு ஊசி போட்டிருக்க வேண்டும். பதியாமல் நடத்தினால் 10,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது 2 ஆண்டு வரை சிறை. கடை அசுத்தமாக இருந்தால் 14 நாள் வரை இழுத்து மூடிவிடுவார்கள். வாடகையும் சம்பளமும் நிற்காது.

காப்புறுதியில்தான் பலர் ஏமாறுகிறார்கள். தொழிலாளருக்கான சமூகப் பாதுகாப்புத் திட்டமான சொக்சோ நாடு முழுதும் கட்டாயம். 2019 முதல் அந்நியத் தொழிலாளருக்கும் கட்ட வேண்டும். ஆனால் சாதாரணத் தீ காப்புறுதியில் வெள்ளம் சேராது. தனியாகக் கேட்டுச் சேர்க்க வேண்டும். 2017 நவம்பரில் பினாங்கு மூழ்கியதை மறந்துவிட்டோமா? கட்டட உரிமையாளர் எடுத்த பாலிசி அவர் சுவருக்கும் கூரைக்கும்தான். உங்கள் குளிர்பெட்டிக்கும் அரிசி மூட்டைக்கும் நீங்கள்தான் எடுக்க வேண்டும். ஈரத் தரையில் வாடிக்கையாளர் வழுக்கி விழுந்தால் சொக்சோ வராது; அதற்குப் பொதுப் பொறுப்புக் காப்புறுதி வேறு.

ஆகவே, முன்பணம் கட்டுமுன் கடை முகவரியோடு அந்த ஊர் மன்ற முகப்புக்குப் போய், அங்கே உணவகம் நடத்த அனுமதி உண்டா என்று கேளுங்கள். பாரம்பரிய வட்டாரத்துப் பழைய கடைவீடு என்றால், புகைக்குழாய்க்குச் சுவரில் துளை போடவும் முன்அனுமதி கேளுங்கள். காப்புறுதி முகவர் 'எல்லாம் அடங்கும்' என்றால், பாலிசியில் 'வெள்ளம்' என்ற சொல்லைக் காட்டச் சொல்லுங்கள். காட்டாவிட்டால் கையெழுத்துப் போடாதீர்கள்!